பக்கவாதத்துக்கு ஸ்டெம் செல் ஊசி: அம்மாவுக்குப் போடலாமா?

உட்லண்ட்ஸ் மலர்

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு இந்த வருடத் தொடக்கத்தில் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்க ரத்தக்குழாயில் அடைப்பு. காலையில் எழுப்பப் போனபோதுதான் வலக்கை தூக்க முடியாமல் கிடந்தார், பேச்சும் வரவில்லை. முந்தைய இரவு படுக்கும்போதுதான் கடைசியாக நன்றாக இருந்தார் என்பதால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கான நேரம் தாண்டிவிட்டது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அப்புறம் சமூக மருத்துவமனையில் சில வாரம், இப்போது வீட்டில். நான்கு கால் ஊன்றுகோலோடு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடக்கிறார். ஆனால் வலக்கை விரல்கள் இறுக மூடியே இருக்கின்றன. பேச்சில் நாம் சொல்வது எல்லாம் புரிகிறது, அவர் சொல்ல நினைப்பதற்கு வார்த்தை வரவில்லை, அதில் அவருக்கு அழுகை வந்துவிடுகிறது.

சென்னையில் இருக்கும் மாமா ஒரு கிளினிக்கில் பேசி வைத்திருக்கிறார். அம்மாவின் இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்தே ஸ்டெம் செல், அதாவது வேறு அணுக்களாக மாறக்கூடிய மூல அணுக்களை எடுத்து முதுகுத்தண்டு வழியாகச் செலுத்துவார்களாம், அது மூளையில் இருக்கும் அழற்சியைக் குறைத்து, செத்துப்போன நரம்பணுக்களைத் திரும்ப வளர வைக்குமாம். செலவு பல லட்ச ரூபாய். அதோடு, எலிகளுக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு ஸ்டெம் செல் வைத்ததில் மூளை சரியானது என்று ஒரு செய்தியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மாமா அக்காமேல் உயிரையே வைத்திருப்பவர், ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. பணத்தைக்கூட எப்படியாவது புரட்டிவிடலாம். இது உண்மையிலேயே வேலை செய்யுமா, அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமா என்றுதான் பயம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூரோங் ரவி

மலர், உங்கள் நிலைமை புரிகிறது. என் பெரியப்பாவுக்கு ஊரில் இப்படி ஓர் ஊசி போட்டார்கள், இரண்டு மூன்று மாதத்தில் கொஞ்சம் நன்றாகவே நடந்தார். ஆனால் அதே சமயத்தில் தினமும் வீட்டுக்கு ஆள் வந்து உடற்பயிற்சியும் கொடுத்தார்கள், எது வேலை செய்தது என்று எங்களால் சொல்ல முடியவில்லை. பெரியம்மா இன்றைக்கும் ஊசிதான் என்கிறார். கையில் பணம் இருந்தால் முயன்று பார்ப்பதில் தப்பில்லை என்பது என் எண்ணம்.

குளூனி சாலை

மலர் அக்கா, நான் இங்கே ஒரு ஆய்வுக்கூடத்தில் நரம்பு அழற்சி சம்பந்தமான வேலையில் இருக்கிறேன். மருத்துவர் இல்லை, அதனால் அம்மாவுக்கு என்ன செய்வது என்பதை அவருடைய நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் மாமா அனுப்பிய செய்தியும் அந்த கிளினிக் சொல்வதும் ஒன்றில்லை, அதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடைப்பு வந்ததும், ரத்தம் சுத்தமாக நின்றுபோன நடுப்பகுதியில் நரம்பணுக்கள் நிமிடக் கணக்கில் சாகின்றன. பெரிய குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் போகும் என்று 2006-ல் ஒரு மதிப்பீடு வந்தது, உடனே ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள் என்று இங்கே சிங்கப்பூரில் சொல்லிக்கொண்டே இருப்பது அதனால்தான். செத்த அணுக்களிலிருந்து வெளியே கசியும் பொருள்கள், மூளையிலேயே குடியிருக்கும் மைக்ரோகிளியா என்ற நோயெதிர்ப்பு அணுக்களை உசுப்பிவிடும். அவை இன்டர்லூகின்-1, டிஎன்எஃப் மாதிரியான புரதங்களை விட்டு மற்றவர்களைக் கூப்பிடும், சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் வந்து சேரும், அவை விடும் நொதிகள் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பை அரிக்கும், அதன் வழியே நீர் கசிந்து மூளை வீங்கும். அந்த வீக்கம் பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். அடைப்பினால் நேரடியாகச் சாகாத ஓரப் பகுதியும் அழற்சி என்கிற இந்தக் களேபரத்தில் பாதிக்கப்படுகிறது. அதைக் காப்பாற்றத்தான் அழற்சியைக் குறைக்க வேண்டும் என்கிறார்கள்.

ஆனால் அழற்சியை முழுக்க எதிரியாகப் பார்க்கவும் முடியாது. அதே மைக்ரோகிளியாவும் பின்னால் வரும் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்களும்தான் செத்த திசுவைத் தின்று அகற்றுகின்றன, புது ரத்தக்குழாயும் நரம்பு இணைப்பும் முளைக்கத் தேவையான வளர்ச்சிக் காரணிகளைக் கொடுக்கின்றன. முதல் நாளில் கெடுதல் செய்வது இரண்டாம் வாரத்தில் உதவி செய்யலாம். வெள்ளணுக்கள் மூளைக்குள் நுழைவதைத் தடுக்க என்லிமோமாப் என்ற எதிர்ப்பான் மருந்தை 625 நோயாளிகளிடம் சோதித்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள், மருந்து கிடைத்தவர்களின் நிலை கிடைக்காதவர்களைவிட மோசமாக இருந்தது. 2018-ல் பிரிட்டனில் இன்டர்லூகின்-1-ஐத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், ரத்தத்தில் அழற்சியின் அளவு நன்றாகவே குறைந்தது, நோயாளிகளின் நிலையில் முன்னேற்றம் வரவில்லை. ஆகவே "அழற்சியைக் குறைக்கும்" என்று ஒருவர் சொன்னால் அதோடு திருப்தியாகிவிடாதீர்கள். எந்த அழற்சியை, எந்த நாளில், குறைத்ததால் கை அசைந்ததா என்று கேட்க வேண்டும்.

இப்போது ஸ்டெம் செல். மஜ்ஜையிலிருந்து எடுக்கும் அணுக்கள் மூளைக்குள் போய் நரம்பணுவாக மாறி அறுந்த இணைப்பைத் திரும்பப் போடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ரத்தநாளம் வழியாக ஏற்றினால் பெரும்பகுதி நுரையீரலிலேயே சிக்கிக்கொள்கிறது, சில நாட்களில் மறைந்தும் போகிறது. அவை செய்வதாக ஆய்வாளர்கள் நம்புவது வேறு: உயிரோடு இருக்கும் கொஞ்ச காலத்தில் அழற்சியைத் தணிக்கும் புரதங்களையும் நுண்ணிய குமிழ்களையும் விட்டு, மண்ணீரலிலிருந்து கிளம்பும் நோயெதிர்ப்பு அணுக்களின் குணத்தை மாற்றுவது. எலிகளில் இது அழகாக வேலை செய்கிறது. நான் இந்தத் துறைக்கு வந்ததே அந்தப் படங்களைப் பார்த்துத்தான்.

மனிதர்களிடம் என்ன ஆனது? இந்தியாவிலேயே ஐந்து மருத்துவமனைகள் சேர்ந்து 120 பேரிடம் சோதனை செய்து 2014-ல் வெளியிட்டார்கள். நோயாளியின் சொந்த மஜ்ஜை அணுக்கள், பக்கவாதம் வந்த சில வாரங்களுக்குள், ரத்தநாளம் வழியாக. பாதுகாப்பில் பெரிய சிக்கல் இல்லை, ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. மாமாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள், ஏனென்றால் கிளினிக் சொல்வதற்கு மிக நெருக்கமான, முறையாக நடந்த சோதனை இதுதான். ஜப்பானில் 206 பேரிடம் மல்டிஸ்டெம் என்ற அணுக்களை 18 முதல் 36 மணி நேரத்துக்குள் கொடுத்துப் பார்த்தார்கள், அழற்சி கொதிக்கும் அந்த நேரத்தைக் குறிவைத்தே திட்டமிட்டது. 2024-ல் வந்த முடிவில், அவர்கள் முதன்மையாக எதிர்பார்த்த முன்னேற்றம் கிடைக்கவில்லை. அதைத் தயாரித்த அமெரிக்க நிறுவனமும் அதே ஆண்டு திவாலானது.

அம்மாவைப் போல மாதங்கள் கடந்தவர்களுக்கு எஸ்பி623 என்ற மாற்றியமைக்கப்பட்ட அணுக்களை மண்டையோட்டில் சிறு துளை போட்டு நேரே மூளைக்குள் வைத்தார்கள். 2016-ல் 18 பேரிடம் செய்த முதல் சோதனையில் பலருக்குக் கை கால் அசைவு கூடியது, உலகம் முழுக்கச் செய்தி வந்தது, எனக்கும் அப்போது அவ்வளவு சந்தோஷம். அதில் ஒப்பிட ஆள் கிடையாது. அடுத்த சோதனையில் 150-க்கும் மேற்பட்டவர்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மேலோட்டமாகத் துளை மட்டும் போட்டு அணு வைக்காமல் விட்டார்கள், யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. 2019 தொடக்கத்தில் முடிவை அறிவித்தபோது இரு குழுவுக்கும் இடையே எதிர்பார்த்த வித்தியாசம் வரவில்லை. ரவி அண்ணன் சொன்ன "எது வேலை செய்தது என்று தெரியவில்லை" என்பது இதுதான். பக்கவாதம் வந்தவர்கள் முதல் ஆண்டில் தானாகவும் பயிற்சியாலும் தேறுவார்கள், அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் அதற்குப் பேர் கிடைத்துவிடும்.

மாமா அனுப்பியது 2025-ல் சூரிக் பல்கலைக்கழகக் குழு வெளியிட்டதாக இருக்கும் என்று நினைக்கிறேன். நல்ல ஆய்வு. மனித அணுக்களிலிருந்து நரம்பு முன்னோடி அணுக்களை உருவாக்கி, பக்கவாதம் வந்து ஒரு வாரம் கழித்து எலியின் மூளைக்குள் வைத்தார்கள், அவை ஐந்து வாரம் கழித்தும் உயிரோடு இருந்தன, பெரும்பாலானவை நரம்பணுவாக மாறின, அழற்சி குறைந்தது, ரத்தக்குழாய்கள் வளர்ந்தன, எலிகளின் நடையும் மேம்பட்டது. அதில் பயன்படுத்தியது மஜ்ஜை அணுக்கள் இல்லை, முதுகுத்தண்டு வழியும் இல்லை. அந்த ஆய்வைக் காட்டி இந்த ஊசியை விற்பது நியாயமே இல்லை. பக்கவாதத்துக்கு ஆய்வகங்களில் சோதித்த மருந்துகளை 2006-ல் ஒரு குழு எண்ணிப் பார்த்தது, 1,026 வந்தது, அவற்றில் ஏராளமானவை விலங்குகளில் பலன் தந்தவை. நோயாளிகளிடம் உறுதியாக நிலைத்தது ரத்தக்கட்டியைக் கரைப்பதும், பின்னால் 2015 முதல் ரத்தக்கட்டியைக் குழாய் வழியாக இழுத்து எடுப்பதும்தான். ஆய்வகத்தில் பெரும்பாலும் இளம் ஆண் எலிகள், ரத்தக் கொதிப்பு இல்லை, நீரிழிவு இல்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் அப்படியா இருக்கிறார்கள்?

உட்லண்ட்ஸ் மலர்

தம்பி, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. மாமாவிடம் 2014 சோதனையைப் பற்றிப் பேசினேன், "அது ரத்தநாளம் வழியாக, இது முதுகுத்தண்டு வழியாக, அதனால் மூளைக்குப் போய்ச் சேரும்" என்று கிளினிக்கில் சொல்கிறார்களாம். மருத்துவச் சோதனையாகப் பதிவு செய்துதான் செய்கிறார்கள் என்றும் சொல்கிறார்கள். இன்னொன்று, அம்மாவுக்கு இத்தனை மாதம் கழித்தும் மூளையில் அழற்சி இருக்குமா?

தெம்பனிஸ் இயன்மருத்துவர்

மலர், ஸ்டெம் செல் பற்றித் தம்பி சொல்வார், நான் கை பற்றியும் பேச்சு பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியைப் படித்ததும் என் கண்ணில் பட்டது "விரல்கள் இறுக மூடியே இருக்கின்றன" என்ற வரிதான். நான் பல வருடமாகப் பக்கவாத நோயாளிகளோடுதான் வேலை செய்கிறேன். அந்த இறுக்கத்தை அப்படியே விட்டால் மூட்டும் தசையும் குறுகிப்போகும், பிறகு எந்தச் சிகிச்சை வந்தாலும் கை திறக்காது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது போட்யூலினம் ஊசி இவருக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். அது மூளையைக் குணப்படுத்தாது, இறுகிய தசையைச் சில மாதம் தளர்த்தும், அந்த இடைவெளியில் அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் தொழில்வழிச் சிகிச்சையாளர் கைக்குப் பட்டை கட்டி நீட்டிவைக்கவும், மின் தூண்டல் கொடுக்கவும், பயிற்சி செய்யவும் வழி கிடைக்கும். நல்ல கையைக் கட்டிவைத்து முடியாத கையை வேலை வாங்கும் முறை 2006-ல் அமெரிக்காவில் 222 பேரிடம் நிரூபணமானது, மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்களிடம். ஆனால் மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது விரிய வேண்டும், அம்மாவுக்கு இப்போதே அதைத் தொடங்கினால் எரிச்சல்தான் மிஞ்சும். முதலில் விரல் திறக்கட்டும்.

பயிற்சியிலும் அளவும் நேரமும் உண்டு. பக்கவாதம் வந்த முதல் 24 மணி நேரத்திலேயே எழுப்பி அதிகமாக நடக்க வைத்தால் நல்லது என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம், சிங்கப்பூரும் சேர்ந்த ஐந்து நாட்டுச் சோதனையில் 2,104 பேரிடம் பார்த்தபோது, அவ்வளவு அவசரமும் அளவும் முடிவைக் கெடுத்தது என்று 2015-ல் தெரிந்தது. இப்போது அம்மா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார், இனிமேல் அதிகப் பயிற்சி நல்லதே.

பேச்சுக்கு ஆறு மாதம் தாண்டினால் அவ்வளவுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜெர்மனியில் ஆறு மாதம் கடந்த 156 பேருக்கு வாரம் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் மூன்று வாரம் பேச்சுச் சிகிச்சை கொடுத்தார்கள், அன்றாடப் பேச்சு முன்னேறியது என்று 2017-ல் வந்தது. இங்கே பெரும்பாலும் வாரம் ஒன்றிரண்டு முறைதான் கிடைக்கும், அதுவும் ஆங்கிலத்தில். அம்மாவுக்கு வீட்டில் பேச்சு தமிழ் என்றால் தமிழ் பேசும் சிகிச்சையாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள், கிடைக்காவிட்டால் சிகிச்சையாளர் கொடுக்கும் பட அட்டைகளை நீங்களே தமிழில் எழுதித் தினமும் செய்யுங்கள். "தண்ணி", "மருந்து", "வலிக்குது", பேரப்பிள்ளைகள் பெயர் என்று அவருக்கு வேண்டிய சொற்களிலிருந்து தொடங்குங்கள். தேவாரமோ பழைய பாட்டோ பாடச் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? பேச வராத பலர் தெரிந்த பாட்டைச் சொற்களோடு பாடுவார்கள், அதையே பேச்சுக்குக் கொண்டுவரும் பயிற்சி முறையும் உண்டு. அழுகை அடிக்கடி வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு மிகச் சாதாரணம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

குளூனி சாலை

அழற்சி மாதக்கணக்கில் இருக்குமா என்றால், ஓரளவு இருக்கும். அடைபட்ட இடத்திலும் அதோடு தொடர்புள்ள தூரப் பகுதிகளிலும் மைக்ரோகிளியா மாதங்கள் கழித்தும் தூண்டப்பட்ட நிலையில் இருப்பது ஸ்கேனில் தெரிகிறது. எலிகளில், வாரங்கள் கழித்து அந்த இடத்தில் பி அணுக்கள் என்ற வெள்ளணுக்கள் சேர்ந்து நினைவாற்றலைக் கெடுப்பதை 2015-ல் ஸ்டான்ஃபோர்டில் காட்டினார்கள். ஆனால் அது முதல் வாரத்து அழற்சி கிடையாது. செத்த பகுதி இப்போது நீர் நிறைந்த குழி, சுற்றிலும் தழும்பு. அந்தக் குழியை மஜ்ஜை அணுவால் நிரப்ப முடியாது. அம்மா தேறுவது பக்கத்தில் உயிரோடு இருக்கும் பகுதிகள் புதிய வேலையைக் கற்றுக்கொள்வதால்தான், இயன்மருத்துவர் அக்கா சொல்வது எல்லாம் அதைத்தான் குறிவைக்கிறது.

முதுகுத்தண்டு வழியாகக் கொடுத்தால் மூளையைச் சேரும் என்பது வாதமே தவிர, அதனால் பக்கவாத நோயாளி தேறினார் என்று காட்டும் ஒப்பீட்டுச் சோதனையை அவர்கள்தான் காட்ட வேண்டும். இது ஆபத்தே இல்லாத வழியும் கிடையாது. பக்கவாதத்துக்காக மூன்று நாடுகளில் முதுகுத்தண்டில் ஸ்டெம் செல் ஏற்றிக்கொண்ட 66 வயது அமெரிக்கர் ஒருவருக்கு அதே தண்டுவடத்தில் கட்டி வளர்ந்தது, அந்தக் கட்டியின் டிஎன்ஏ அவருடையது இல்லை, செலுத்திய அணுக்களுடையது, 2016-ல் மருத்துவ இதழில் வந்தது. அது அடுத்தவரின் அணுக்கள், சொந்த மஜ்ஜையில் அந்த ஆபத்து குறைவு. இருந்தாலும் தொற்று, ரத்தக்கசிவு எல்லாம் பாக்கி இருக்கிறது.

புக்கிட் பாத்தோக் சேகர்

சட்டப் பக்கம் மட்டும் நான் சொல்கிறேன். இங்கே அணு, திசு, மரபணுச் சிகிச்சைப் பொருள்கள் 2021 மார்ச் முதல் சுகாதார அறிவியல் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன, பக்கவாதத்துக்கு ஸ்டெம் செல் என்று வழக்கமான சிகிச்சையாக நம் மருத்துவமனைகள் கொடுக்காதது அவர்களுக்குத் தெரியாததால் அல்ல. இந்தியாவிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி தெளிவாக இருக்கிறது: ரத்த நோய்களுக்கு நிரூபணமான மஜ்ஜை மாற்றைத் தவிர, மற்ற நோய்களுக்கு ஸ்டெம் செல் என்பது அனுமதி பெற்ற சோதனையாக மட்டுமே நடக்கலாம், வணிகச் சிகிச்சையாக விற்கக் கூடாது. சோதனை என்றும் சொல்லிக்கொண்டு பல லட்சமும் கேட்டால் இரண்டும் சேராது.

இன்னொன்று. அம்மாவுக்கு எல்டர்ஷீல்டு, அதாவது நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி இருக்கிறதா என்று பாருங்கள், அந்த வயதுக்காரர்கள் பலருக்கு இருக்கும், குடும்பத்துக்கே தெரியாது. குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறை போவது, நடப்பது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றைத் தானாகச் செய்ய முடியாவிட்டால் மாதம் 300 அல்லது 400 சிங்கப்பூர் வெள்ளி கிடைக்கும். நடக்கிறார் என்பதால் தகுதி இல்லை என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், ஒரு கையால் குளிக்கவும் உடுத்தவும் உதவி வேண்டியிருக்கும். மதிப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள்.

உட்லண்ட்ஸ் மலர்

எல்டர்ஷீல்டு பற்றி யோசிக்கவே இல்லை சேகர் அண்ணா, இன்றைக்கே பார்க்கிறேன். அம்மாவைப் பாடச் சொல்லவும் தோன்றியதில்லை. மாமா இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை, கிளினிக்கிடம் நேரே கேட்கிறேன் என்கிறார். என்ன கேட்கச் சொல்லட்டும்?

குளூனி சாலை

சோதனையின் பதிவு எண்ணைக் கேட்கச் சொல்லுங்கள், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் பதிவு இருப்பதாலேயே அனுமதி இருக்கிறது என்று ஆகாது, அதனால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தையும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதியையும் கேட்க வேண்டும். ஒப்பீட்டுக் குழு உண்டா, முடிவை யார் அளக்கிறார்கள், அம்மாவுக்குப் பாதிப்பு வந்தால் இழப்பீடு யார் கொடுப்பார்கள், நோயாளியிடம் ஏன் பணம் என்று கேட்கட்டும். இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வாங்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. அம்மா ஆஸ்பிரினோ குளோபிடோக்ரலோ வேறு ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தோ சாப்பிடுகிறார் அல்லவா? இடுப்பெலும்பில் மஜ்ஜை எடுக்கவும் முதுகுத்தண்டில் ஊசி போடவும் அதைச் சில நாள் நிறுத்தச் சொல்ல வாய்ப்பு உண்டு. நிறுத்தினால் அடுத்த பக்கவாதம் வரும் ஆபத்து கூடும், நிறுத்தாமல் செய்தால் ரத்தம் கசியும் ஆபத்து. அந்த கிளினிக் இதைப் பற்றி ஒரு வார்த்தையாவது கேட்டதா என்று மாமாவிடம் கேளுங்கள். யார் சொன்னாலும், இங்கே இருக்கும் அவருடைய மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் அக்கா.